நாளைய வேலைக்கு இன்று என்ன படிப்பது?



போன விடுமுறையில் எங்கள் வட்டார இளைஞர் வகுப்பில், எஸ்.பி.எம். எழுதப்போகும் மாணவர்களுக்கு உயர்கல்வி பற்றிப் பேசச் சொல்லியிருந்தார்கள். மெட்ரிகுலேஷன், எஸ்.டி.பி.எம்., பாலிடெக்னிக், டிவெட் என்று வழக்கமான ஸ்லைடுகளோடு போயிருந்தேன். பாதியிலேயே பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி கையைத் தூக்கினான்.

"அண்ணே, எல்லாத்தையும் ஏஐ செய்யப் போகுதுன்னு சொல்றாங்க. அப்புறம் நாங்க எதைப் படிச்சு என்ன ஆகப் போகுது?"

மண்டபமே சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் அப்பா பட்டர்வொர்த்தில் கார் பட்டறை வைத்திருக்கிறார். பள்ளி முடிந்ததும் அவனும் அங்கேதான் நிற்பான்.

"உழைச்சா எல்லாம் நடக்கும் தம்பி" என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் எனக்கே கூச்சமாக இருந்தது. ஏனென்றால் அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்புதான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் என் இண்டர்ன்ஷிப் முடிந்திருந்தது. மனிதர்கள் கண்ணால் பார்த்துச் செய்யும் ஒரு வேலையைக் கேமராவுக்குக் கற்றுக்கொடுப்பதுதான் அங்கே எனக்குக் கொடுத்த வேலை. அந்தத் தம்பியின் கேள்விக்குப் பாதிப் பதிலாவது என்னிடம் இருந்தது. சொல்லத்தான் தைரியம் வரவில்லை. அதை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் என் வீட்டுக் கதை

என் பாட்டி கூலிம் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியும் முன்பே பெரட்டு, பிறகு தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாக மரங்கள். பட்டையில் கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம். கொஞ்சம் மேலோட்டமாகப் போனால் மங்கில் பால் சேராது. அந்த இடைப்பட்ட அளவு பாட்டியின் கைக்குத் தெரியும். இன்றுவரை பால் வெட்டுவது பெரும்பாலும் மனிதக் கைதான்.

பாட்டியின் வேலையை எந்த மெஷினும் பறிக்கவில்லை. ஆனாலும் போய்விட்டது. தோட்டத்தில் ரப்பரை வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். அதே ஏக்கருக்குச் செம்பனைக்குக் குறைவான ஆட்களே போதும். பிறகு அந்த நிலமும் வீடமைப்புத் திட்டத்துக்குப் போனது. பாட்டியிடம் இருபது வருடத் திறமை இருந்தது. அதைக் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. இது என் வீட்டில் மட்டும் நடந்த கதை இல்லை, உங்களில் பாதிப் பேர் வீட்டிலும் இப்படி ஒரு பாட்டி இருப்பார்.

அம்மா படிவம் ஐந்து முடித்து, 1990 வாக்கில் பாயான் லெப்பாஸுக்கு வேலைக்கு வந்தார். இந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. 1969இல் பினாங்கு தன் சுங்கவரியில்லாத் துறைமுகத் தகுதியை இழந்தது. தீவில் வேலையில்லாத் திண்டாட்டம். அப்போது முதலமைச்சராக இருந்தவர் லிம் சோங் இயூ. 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப மண்டலம் தொடங்கியது, நாட்டிலேயே முதலாவது. இன்டெல், ஏ.எம்.டி., ஹிட்டாச்சி, போஷ் போன்ற கம்பெனிகள் முதல் அலையிலேயே வந்துவிட்டன. கம்பத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் கம்பெனி பஸ் ஏறியது அப்படித்தான்.

அம்மாவின் வேலை வயர் பாண்டிங். சிப்புக்கும் அதன் உலோகக் காலுக்கும் இடையே ஒரு தங்கக் கம்பியை இணைப்பது. கம்பியின் கனம் சுமார் 25 மைக்ரான். நம் தலைமுடியின் கனத்தில் பாதிகூட இருக்காது. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, ஒரு முனையைச் சிப்பின் மேல் குறிபார்த்து ஒட்டி, மறுமுனையைக் காலில் ஒட்டி, அடுத்தது, அடுத்தது. அவர் சேர்ந்தபோது அந்தப் பிரிவில் கையால் குறிபார்க்கும் பழைய மெஷின்கள் சில இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு மூன்று வருடங்களில் எல்லாம் தானியங்கியாக மாறிவிட்டன. கேமராவே இடத்தைக் கண்டுபிடிக்கும். ஒரு நொடியில் பல கம்பிகள் போடும். எந்த மனிதக் கையும் அதனோடு போட்டி போட முடியாது.

"அப்ப எப்படிம்மா உங்க வேலை நிலைச்சுது?" என்று கேட்டேன்.

"மெஷின் அடிக்கடி நிக்கும்டா. நின்னா டெக்னீஷியனைக் கூப்பிடணும். அவரு வர்றதுக்கு அரை மணி நேரம் ஆகும். அந்த அபாங் என்ன பண்றாருன்னு பக்கத்துல நின்னு பாத்தேன். எந்த அலாரத்துக்கு என்ன அர்த்தம், எந்த முனையை மாத்தணும், கம்பி அறுந்தா எப்படித் திரும்ப கோக்கணும், எல்லாத்தையும் 555 நோட்டுல எழுதி வச்சேன்."

அந்த 555 நோட்டு இன்றும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. பாதி மலாய், பாதி தமிழ், நடுவில் ஆங்கில அலாரப் பெயர்கள். கம்பி போடும் பெண்ணாக இருந்த அம்மா, ஐந்து ஆறு மெஷின்களை ஒன்றாகப் பார்த்துக்கொள்ளும் ஆளாக மாறினார். அவரோடு சேர்ந்தவர்களில் அப்படி மாறாமல் வீட்டுக்குப் போனவர்களும் உண்டு என்பதையும் அம்மா சொல்லாமல் விடவில்லை.

கேமராவுக்குப் பாடம்

இப்போது என் கதை. அந்தத் தொழிற்சாலையில் சிப்புகள் பெட்டிக்குள் போகும் முன்பு ஒரு கடைசிப் பரிசோதனை உண்டு. கீறல், உடைந்த விளிம்பு, வளைந்த கால், தூசு எதுவும் இருக்கக் கூடாது. ஒரு ஷிப்டுக்கு ஆறு பேர் உட்கார்ந்து பார்ப்பார்கள். அதைக் கேமராவும் செயற்கை நுண்ணறிவும் செய்ய வேண்டும் என்பது திட்டம். இண்டர்னான என் பங்கு, ஆயிரக்கணக்கான படங்களை எடுத்து 'நல்லது', 'கெட்டது', கெட்டது என்றால் என்ன குறை என்று பெயரிடுவது.

எனக்கு எது கீறல், எது தூசு என்றே தெரியாது. அதனால் ஒரு ஆண்ட்டியை என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அந்த மேசையில் இருபது வருடங்களுக்கு மேல் இருந்தவர். ஒரு படத்துக்கு இரண்டு நொடி. "நல்லது. நல்லது. கீறல். நல்லது. இது தூசு, ஊதிட்டா போயிடும், தூக்கிப் போடாதே."

"எப்படித் தெரியுது ஆண்ட்டி?"

"தெரியுது தம்பி. அவ்வளவுதான்."

விடாமல் கேட்டதற்குக் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "கையில எடுத்துச் சாய்ச்சுப் பாக்கணும். கீறல்னா ஒரு பக்கம் மின்னும், இன்னொரு பக்கம் மறைஞ்சு போயிடும். தூசு எப்படிச் சாய்ச்சாலும் தெரியும்."

இந்த ஒரு வரியை நான் என் சூப்பர்வைசரிடம் சொன்னேன். அதுவரை எங்கள் கேமராவுக்கு மேலிருந்து நேராக ஒரே ஒரு விளக்குதான். பிறகு பக்கவாட்டிலிருந்து தாழ்வாக வெளிச்சம் அடிக்கும் இன்னொரு விளக்கைச் சேர்த்து, ஒரே சிப்பை இரண்டு விதமாகப் படம் எடுத்தோம். கீறல்கள் பளிச்சென்று தெரிய ஆரம்பித்தன. நான் மூன்று வருடம் படித்த பாடத்தில் வராத விஷயம் அது. (வந்திருக்கலாம். அந்த வாரம் நான் வகுப்புக்குப் போகாமல் இருந்திருக்கலாம்.)

அடுத்து நிரல் எழுத வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், பெரும்பகுதியை ஏஐ கருவியே எழுதிக் கொடுத்தது. முதலாம் ஆண்டில் நான் ஒரு செமஸ்டர் முழுக்கப் போராடிக் கற்றதை அது ஒரே மாலையில் எழுதி முடித்தது. ஓட்டிப் பார்த்தேன். 99% சரி என்று திரையில் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. படம் பிடித்து அம்மாவுக்கு வாட்சாப்பில் அனுப்பினேன்.

மறுவாரம் புதிதாக வந்த சிப்புகளை வைத்துச் சோதித்தபோது கதை கந்தலானது. நல்ல சிப்புகளை ஐந்தில் ஒன்று வீதம் கெட்டது என்று தள்ளியது. ஏன் என்று இரண்டு நாள் உட்கார்ந்து நிரலை வரிவரியாகப் பார்த்தேன். ஏஐ கருவியிடமே கேட்டேன். அது பத்துக் காரணம் சொன்னது, எல்லாமே கேட்க நன்றாகத்தான் இருந்தன.

மூன்றாம் நாள் ஆண்ட்டி என் திரையை எட்டிப் பார்த்தார். "தம்பி, நீ வச்சிருக்கிற கெட்ட படமெல்லாம் கறுப்பு டிரேயில எடுத்தது. நல்லதெல்லாம் சாம்பல் டிரே. இன்னிக்கு வந்த சரக்குல கறுப்பு டிரேயும் கலந்து வந்திருக்கு, பாத்தியா?"

அவ்வளவுதான் விஷயம். குறையுள்ள சிப்புகளைத் தனியாகக் கறுப்பு டிரேயில் வைப்பது அந்தப் பிரிவின் பழக்கம். நான் அப்படியே படம் எடுத்துவிட்டேன். என் புத்திசாலி மென்பொருள் கீறலைக் கற்கவே இல்லை, டிரேயின் நிறத்தைக் கற்றிருக்கிறது! சோதனைக்கு வைத்த படங்களும் அதே டிரேக்கள்தான் என்பதால் 99% வந்தது.

இங்கே இன்னொரு கணக்கும் உங்களுக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் 'ஏஐ 99% சரி' என்ற பேச்சை இனி வாழ்நாள் முழுக்கக் கேட்கப் போகிறீர்கள். ஆயிரம் சிப்பில் இரண்டுதான் கெட்டது என்று வையுங்கள். எதையுமே பார்க்காமல் 'எல்லாம் நல்லது' என்று சொல்லும் ஒரு மெஷின்கூட 99.8% சரி. ஆனால் பிடிக்க வேண்டிய அந்த இரண்டையும் விட்டுவிட்டது. ஒருவேளை அது காரின் பிரேக்குக்குப் போகும் சிப்பாக இருந்தால்? அதனால்தான் தொழிற்சாலையில் இரண்டு தவறையும் தனித்தனியாக எண்ணுகிறார்கள்: நல்லதைக் கெட்டதென்று தள்ளியது எத்தனை, கெட்டதை நல்லதென்று விட்டது எத்தனை. ஒரு சதவீதத்தைச் சொன்னால் "எதில் ஒரு சதவீதம்?" என்று கேட்கத் தெரிந்தவனுக்கு இனி எந்த அலுவலகத்திலும் மதிப்பு இருக்கும்.

எல்லாப் படங்களையும் ஒரே நிற டிரேயில் திரும்ப எடுத்தோம். இந்த முறை நன்றாக வேலை செய்தது. நன்றாக வேலை செய்ததுதான் சிக்கல்.

ஆண்ட்டி கேட்ட கேள்வி

ஒரு ஷிப்டுக்கு ஆறு பேர் தேவைப்பட்ட இடத்தில் இனி இரண்டு பேர் போதும் என்று முடிவானது. கேமராவுக்குச் சந்தேகம் வரும் படங்களை மட்டும் அந்த இருவர் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். மற்றவர்களை வேறு பிரிவுகளுக்கு மாற்றுவார்கள்.

அன்று மதியம் கேண்டீனில் என்னால் ஆண்ட்டியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவரே பேச்சை எடுத்தார். "நீ ஏன் சாப்பிடாம உக்காந்திருக்க? நீ இல்லன்னா வேற ஒரு பையன் வந்து செஞ்சிருப்பான்." பிறகு ஒரு கேள்வி கேட்டார். "அந்த ரெண்டு பேரு யாருன்னு எதை வச்சு முடிவு பண்ணுவாங்க?"

என் பொறியியல் படிப்பில் இதைவிட நல்ல கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

சூப்பர்வைசரிடம் மெதுவாக விசாரித்தேன். கண் திறமை ஆறு பேருக்குமே இருந்தது. புதிய திரையைப் பயன்படுத்தத் தெரிய வேண்டும், ஏன் தள்ளினோம் என்று காரணத்தைப் பதிய வேண்டும், ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தால் எந்த மெஷினிலிருந்து வருகிறது என்று தேடிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதாவது கண்ணோடு கூட இன்னும் மூன்று சின்னத் திறன்கள். ஆண்ட்டி அதுவரை கம்ப்யூட்டர் மவுஸைத் தொட்டதே இல்லை.

மீதியிருந்த ஐந்து வாரமும் சாப்பாட்டு நேரத்தில் இருபது நிமிடம் உட்கார்ந்தோம். முதல் நாள் மவுஸைப் பிடித்தபோது அவர் கை நடுங்கியது. மைக்ராஸ்கோப்பின் கீழ் ஊசிமுனை வேலை செய்த அதே கை. இரண்டாவது வாரம் அவரே ஒரு நோட்டுடன் வந்தார். எந்தப் பட்டனை அழுத்தினால் என்ன வரும் என்று தமிழில் எழுதியிருந்தார். அது என்ன நோட்டு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அவர் இப்போது அந்த இருவரில் ஒருவர். அவருடைய தோழி, அதே அளவு கூர்மையான கண், "எனக்கு இன்னும் நாலு வருஷம்தான், விடு" என்று கற்றுக்கொள்ள மறுத்துவிட்டார். அவரைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அங்கே இரவு ஷிப்ட் இல்லை, அதனால் அந்தப் படிப்பணமும் போனது.

இதில் எல்லாமே நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கேமராவுக்குள் இருப்பது ஆண்ட்டியின் இருபது வருடக் கண். அதைக் கொடுத்ததற்காக அவர் சம்பளத்தில் ஒரு காசு கூடவில்லை. ரிப்போர்ட்டில் என் பெயர் இருக்கிறது, அவர் பெயர் இல்லை. நான் அதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

வேலை என்பது ஒரு கட்டு

மூன்று கதைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. தொழில்நுட்பம் ஒரு வேலையை முழுசாக விழுங்குவது குறைவு. ஒரு வேலை என்பது பல சிறு காரியங்களின் கட்டு. விறகுக் கட்டு மாதிரி. மெஷின் அதிலிருந்து சில குச்சிகளை உருவிக்கொள்கிறது. மீதிக் குச்சிகளோடு புதிதாகச் சிலதைச் சேர்த்துத் திரும்பக் கட்டுகிறார்கள். அந்தப் புதுக் கட்டைத் தூக்கத் தெரிந்தவருக்கு வேலை இருக்கிறது.

கட்டில் ஒரே குச்சிதான் என்றால் ஆபத்து. டோல் சாவடி ஞாபகம் இருக்கிறதா? சின்ன வயதில் பிளஸ் நெடுஞ்சாலையில் போகும்போது அக்காமார் கையை நீட்டிக் காசு வாங்கி மிச்சம் கொடுப்பார்கள். 2016இல் அங்கே கட்டணம் முழுக்க மின்னியல் முறைக்கு மாறியது. காசு வாங்கி மிச்சம் கொடுப்பது மட்டுமே அந்த வேலை; அந்த ஒரு குச்சியை உருவியதும் சாவடிக்குள் ஆள் உட்காரத் தேவையே இல்லாமல் போனது.

எண்களையும் ஒருமுறை பார்த்துவிடுவோம், பயப்படுவதற்காக இல்லை. டேலண்ட்கோர்ப் 2024இல் வெளியிட்ட ஆய்வு, பத்துத் துறைகளில் சுமார் 6 லட்சத்து 20 ஆயிரம் வேலைகள் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளில் பெரும் மாற்றத்துக்கு உள்ளாகலாம் என்றது. அதே 2024இல் அரசு அறிவித்த தேசிய செமிகண்டக்டர் வியூகம், 60 ஆயிரம் பொறியியலாளர்களை உருவாக்குவதை ஓர் இலக்காக வைத்திருக்கிறது. உலகப் பொருளாதார மன்றத்தின் 2025 அறிக்கையின்படி, இன்று வேலைக்குத் தேவைப்படும் முக்கியத் திறன்களில் 39% 2030க்குள் மாறிவிடும். ஒரு பக்கம் ஆள் குறைகிறது, இன்னொரு பக்கம் ஆள் தேடுகிறார்கள். ஆனால் இங்கே குறைக்கப்படும் ஆளும் அங்கே தேடப்படும் ஆளும் ஒருவராக இருப்பதில்லை. நம் சமூகத்துக்கு வலிப்பது இந்த இடைவெளியில்தான். தோட்டத்திலிருந்து வெளியே வந்தபோது நம் தாத்தா பாட்டிமார் விழுந்ததும் இதே இடைவெளியில்தான்.

நீங்கள் செய்து பார்க்க ஒரு பயிற்சி

ஒரு தாளை எடுங்கள். நீங்கள் விரும்பும் வேலையை, அல்லது அப்பா அம்மா செய்யும் வேலையை, சிறு காரியங்களாகப் பிரித்து எழுதுங்கள். 'கணக்காளர்' என்று எழுதாதீர்கள். ரசீதுகளைப் பதிவது, வங்கிக் கணக்கோடு ஒப்பிடுவது, வரி கணக்கிடுவது, எண் எங்கே பொருந்தவில்லை என்று தேடுவது, முதலாளியிடம் கெட்ட செய்தியைச் சொல்வது என்று எழுதுங்கள். பத்தாவது வர வேண்டும்.

பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரில் மூன்றே கேள்வி. தினமும் ஒரே மாதிரி வருகிறதா? தவறினால் யார் பொறுப்பு? ஆளை நேரில் பார்க்கவோ பொருளைக் கையால் தொடவோ வேண்டுமா? ஒரே மாதிரி வருவது, தவறினாலும் பெரிய பாதிப்பு இல்லாதது, திரையிலேயே முடிவது, இவைதான் முதலில் போகும். கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்பது, நேரில் போய்ச் சரிசெய்வது, மனிதரிடம் பேசி ஒத்துக்கொள்ள வைப்பது போன்றவை மெதுவாகத்தான் மாறும்.

நானும் என் தாளை எழுதினேன். 'நிரல் எழுதுவது' என்ற வரிக்கு எதிரில் கோடு போட எனக்கு மனமே வரவில்லை. ஆனால் போட்டேன். அதற்குப் பதிலாக 'படம் எப்படி எடுக்கப்பட்டது என்று போய்ப் பார்ப்பது', 'ஷிப்ட் ஆட்களிடம் பேசுவது' என்று இரண்டு வரி சேர்த்தேன். பல்கலைக்கழகத்தில் இந்த இரண்டுக்கும் பாடம் இல்லை. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் பேசத் தெரிந்த நமக்குக் கடைசி வரி மற்றவர்களைவிட எளிது. நாம்தான் அதைத் திறமையாக எண்ணுவதில்லை.

ஏற்கெனவே வேலையில் இருக்கும் அண்ணன் அக்காமாருக்கு இரண்டு தகவல். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்கள் உள்ள கம்பெனி, பெரும்பாலான துறைகளில், மாதச் சம்பளத் தொகையில் 1%ஐ எச்.ஆர்.டி. கோர்ப்புக்குப் பயிற்சி நிதியாகக் கட்ட வேண்டும். அது உங்கள் சம்பளத்தில் பிடிக்கும் பணம் இல்லை, முதலாளி கட்டுவது. தொழிலாளர்களின் பயிற்சிக்குத்தான் அதைப் பயன்படுத்த முடியும். ஆகவே "பாஸ், இந்தக் கோர்ஸுக்கு லெவியில் போகலாமா?" என்று எச்.ஆரிடம் கேட்பதில் எந்தத் தப்பும் இல்லை. கேட்காததால்தான் பலர் போகவில்லை.

இரண்டாவது, பட்டறையிலோ ஏர்கோன் வேலையிலோ பல வருட அனுபவம் இருந்தும் சான்றிதழ் இல்லாதவர்கள், செய்த வேலைக்கான ஆதாரங்களைக் காட்டி எஸ்.கே.எம். திறன் சான்றிதழ் பெற வழி இருக்கிறது. பி.பி.டி. என்பார்கள். திறன் மேம்பாட்டுத் துறை நடத்துகிறது. அதன் மேலே டிப்ளோமா நிலை, அதற்கும் மேலே உயர் டிப்ளோமா நிலை என்று ஏணி இருக்கிறது. பாட்டி காலத்தில் இப்படி ஒன்று பால் வெட்டுக்கு இருந்திருந்தால் என்று நினைத்துக்கொள்வேன். மின்சார வேலையில் இருப்பவர்கள் எரிசக்தி ஆணையத்தின் வயர்மேன், சார்ஜ்மேன் தகுதிகளைக் கட்டாயம் பாருங்கள். கையெழுத்துப் பொறுப்போடு வரும் வேலை அது.

இதை எழுத உட்காரும் முன்பு பட்டர்வொர்த்துக்குப் போய் அந்தத் தம்பியைப் பார்த்தேன். பட்டறையில் ஒரு பழைய வீராவின் அடியில் படுத்திருந்தான். இதே பயிற்சியைச் சொல்லி, அப்பாவின் வேலையைப் பிரித்து எழுதச் சொன்னேன். 2024 டிசம்பரில் புரோட்டோனே தன் முதல் மின்சாரக் காரான இ.மாஸ் 7ஐ விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது, அதையும் மனதில் வைத்து எழுது என்றேன்.

மறுவாரம் வகுப்புக்குத் தாளோடு வந்தான். இருபத்து மூன்று வரி. மின்சாரக் காரில் இல்லாமல் போவதை எல்லாம் அவனே சிவப்பில் அடித்திருந்தான்: எஞ்சின் ஆயில், ஸ்பார்க் பிளக், டைமிங் பெல்ட், சைலன்சர். மொத்தம் ஒன்பது. டயர், அப்சோர்பர், ஏர்கோன், 12 வோல்ட் பேட்டரி எல்லாம் அப்படியே நின்றன. 'டயர்' பக்கத்தில் 'கார் கனம், சீக்கிரம் தேயும்' என்று அப்பாவின் கையெழுத்தில் ஒரு குறிப்பு. பிரேக் பக்கத்தில் கேள்விக்குறி. மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பேட் குறைவாகத் தேயும் என்று சொன்னேன், எழுதிக்கொண்டான்.

கடைசியில் ஒரு வரி மட்டும் தனியாக இருந்தது. 'ஆரஞ்சு வயர் – யார் சொல்லிக் கொடுப்பாங்க?'

மின்சாரக் காரில் ஆரஞ்சு நிற வயர் என்றால் உயர் அழுத்தம், பல கார்களில் 400 வோல்ட் அளவுக்கு. தெரியாமல் தொட்டால் உயிர் போகும். முதலில் இணைப்பைத் துண்டிக்க வேண்டும், மிச்ச மின்சாரம் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும், ரப்பர் கையுறை போட்டு மீட்டரில் பூஜ்யம் என்று பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். இவ்வளவுதான் எனக்குத் தெரியும், இது போதாது என்று அவனிடம் சொன்னேன். எஸ்.பி.எம். முடிந்ததும் அவனும் அவன் அப்பாவும் சேர்ந்தே மின்சாரக் கார் பாதுகாப்புப் பயிற்சிக்குப் போகப் போகிறார்கள். வடமாநிலங்களில் எங்கே நடக்கிறது, கட்டணம் எவ்வளவு என்று இந்த வாரம் நானும் அவனும் ஒவ்வொரு பயிற்சி மையமாகப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பட்டியல் தயாரானதும் வகுப்பில் ஒட்டி வைக்கிறோம், வேண்டியவர்கள் வந்து பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தாளையும் எடுத்து வாருங்கள்.